தமிழில் வளரிளம் பருவப் புதினங்கள்

வளரிளம் பருவப் புதினம் என்பது ஒரு சிறுவனோ சிறுமியோ குழந்தைப் பருவத்தைக் கடந்து முதிர்ச்சியை நோக்கிச் செல்லும் காலத்தை மையமாகக் கொண்ட புதின வகையாகும். ஏறத்தாழ 12 வயது முதல் 19 வயது வரையிலான காலம் இதில் பேசப்படும். உடல் மாற்றம், பள்ளி, குடும்பத்துடனான முரண், முதற்காதல், நட்பின் பிரிவு ஆகியவை இவ்வகையின் வழக்கமான பொருள்களாகும். தமிழில் எழுதப்பட்ட குறிப்பிடத்தக்க வளரிளம் பருவப் புதினங்கள் பலவற்றில் இவற்றோடு வர்க்க வேறுபாடும் சாதி வேறுபாடும் பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளன. இக்கட்டுரை அத்தகைய புதினங்களைப் பற்றியது.

தமிழ்ப் பதிப்புலகில் இப்புதினங்கள் பெரும்பாலும் தனி வகையாக அடையாளப்படுத்தப்படுவதில்லை. சமூகப் புதினம், வட்டாரப் புதினம், தலித் இலக்கியம், பெண்ணிய இலக்கியம் போன்ற தலைப்புகளின் கீழேயே இவை வைக்கப்படுகின்றன. ஆயினும் இவற்றின் மையப் பாத்திரங்களின் வயதைக் கருத்திற் கொண்டு ஒருசேர வாசிக்கும்போது பொதுவான ஒரு போக்கு புலப்படுகிறது. இப்புதினங்களின் சிறுவர்கள் தங்கள் சமூக நிலையைப் பகைவரிடமிருந்து மட்டும் அறிந்துகொள்வதில்லை. பல வேளைகளில் தம்முடன் விளையாடிய நண்பரிடமிருந்தே அறிந்துகொள்கின்றனர்.

பெயரும் தோற்றமும்

இவ்வகைப் புதினத்தைக் குறிக்கும் 'பில்டுங்ஸ்ரோமான்' என்ற செருமானியச் சொல்லை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் என்னும் அறிஞர் பயன்படுத்தினார். பின்னர் மெய்யியலாளர் வில்லெம் டில்தாய் இச்சொல்லைப் பரவலாக்கினார். 1795-96 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கேதேயின் வில்லெம் மைஸ்டர் புதினம் இவ்வகையின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. இம்மரபில் இளைஞன் வீட்டை விட்டு வெளியேறி, உலக அனுபவம் பெற்று, இறுதியில் சமூகத்தில் தனக்கென ஓர் இடத்தை அடைகிறான்.

வர்க்க வேறுபாடு நட்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குச் சார்லசு டிக்கின்சின் 'கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ்' (1860-61) நல்ல எடுத்துக்காட்டாகும். கொல்லர் ஒருவரின் வீட்டில் வளரும் பிப் என்னும் சிறுவன் செல்வம் பெற்றபின், தன்னை அன்புடன் வளர்த்த அக்கொல்லரைக் கண்டு வெட்கப்படுகிறான். அமெரிக்க எழுத்தாளர் எசு. ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) ஓக்லகோமா மாநிலத்துப் பதின்ம வயதினரிடையே ஏழை, பணக்காரக் குழுக்களின் மோதலைச் சொல்வது. ஹின்டன் இதைத் தமது 15 ஆவது வயதில் எழுதத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய இலக்கியத்தில் விபூதிபூசண் பந்தோபாத்யாயவின் வங்காளப் புதினமான 'பதேர் பாஞ்சாலி' (1929), முல்க்ராஜ் ஆனந்தின் ஆங்கிலப் புதினமான 'கூலி' (1936) ஆகியவை முன்னோடிகளாகும். பின்னதில் மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் வீட்டு வேலையாள், ஆலைத் தொழிலாளி, ரிக்சா இழுப்பவன் எனப் பல வேலைகளைச் செய்து இளமையிலேயே இறக்கிறான். 'உலகில் தனக்கான இடத்தை அடைதல்' என்னும் ஐரோப்பிய முடிவு இங்கு நிகழவில்லை. தமிழ்ப் புதினங்கள் பலவும் இதே திசையில் செல்கின்றன.

பொதுக் கூறுகள்

தமிழ் வளரிளம் பருவப் புதினங்களில் பின்வரும் கூறுகளைக் காணலாம்.

* பொதுவெளி: மேய்ச்சல் காடு, கிணறு, திரையரங்கு, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் வெவ்வேறு நிலையைச் சேர்ந்த சிறுவர் ஒன்றாகப் பழகுகின்றனர். பெரியவர்களின் வீட்டு வாசலுக்கு வந்தவுடன் அந்தச் சமத்துவம் முடிந்துவிடுகிறது.
* பள்ளி: ஒருவன் பள்ளிக்குச் செல்ல, மற்றவன் வேலைக்குச் செல்கிறான். நண்பர்கள் பிரிவதற்கு இதுவே முதற் காரணமாக அமைகிறது.
* கூலி: சிறுவரின் உழைப்புக்கான கூலி அவர்கள் கைக்கு வருவதில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்திலோ கடனிலோ அது கழிந்துவிடுகிறது.
* தண்டனை: ஒரே தவற்றைச் சேர்ந்து செய்த இருவருக்கு இரு வேறு தண்டனைகள் கிடைக்கின்றன. சிறுவன் தன் நிலையை உணரும் தருணம் பெரும்பாலும் இதுவாகும்.
* முடிவு: வெற்றியோ திருமணமோ முடிவாக அமைவது அரிது. தலைமறைவு, இழப்பு, வீட்டுக்குள் அடைபடுதல் போன்றவையே பெரும்பாலும் முடிவுகளாகின்றன.

முக்கியப் புதினங்கள்

உன்னைப் போல் ஒருவன்

செயகாந்தன் எழுதிய இக்குறும்புதினம் சென்னைக் குடிசைப் பகுதியில் தாயுடன் வாழும் சிட்டி என்னும் சிறுவனைப் பற்றியது. தாயின் வாழ்வில் வேறொருவர் வருவதை ஏற்க இயலாத அச்சிறுவனின் சினமும், இறுதியில் அவன் ஏற்கும் பொறுப்பும் இதன் பொருளாகும். குடிசைவாழ் சிறுவன் ஒருவனைப் பரிவுக்குரிய பொருளாக மட்டும் காட்டாமல், தன்மானமும் பொறாமையும் கொண்ட முழுமனிதனாகப் படைத்தது இதன் சிறப்பாகும். செயகாந்தனே இயக்கி 1965 ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் தேசிய விருது பெற்றது.

பதினெட்டாவது அட்சக்கோடு

அசோகமித்திரனின் இப்புதினம் (1977) இந்திய விடுதலையை ஒட்டிய காலத்துச் சிக்கந்தராபாத்தில் நிகழ்கிறது. நாயகன் சந்திரசேகரன் தொடர்வண்டித் துறை ஊழியர் ஒருவரின் மகன், கல்லூரி மாணவன். தமிழர், தெலுங்கர், இசுலாமியர், ஆங்கிலோ இந்தியர் எனப் பலரும் அருகருகே வாழும் குடியிருப்பில் அவன் வளர்கிறான். கிரிக்கெட் ஆட்டமும் மிதிவண்டிப் பயணமுமாகச் செல்லும் அவனது நாட்கள் நிசாம் அரசுக்கும் இந்திய அரசுக்கும் இடையிலான பூசலால் மாறத் தொடங்குகின்றன. நேற்றுவரை ஒன்றாக ஆடியவர்கள் ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்க்கின்றனர்.

1948 செப்டம்பரில் இந்தியப் படைகள் ஐதராபாத்துக்குள் நுழைந்தன. அதையடுத்த கலவரச் சூழலில், தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே ஒப்படைக்க முன்வரும் ஒரு சிறுமியின் முன் சந்திரசேகரன் நிற்க நேர்கிறது. அவமானத்துடன் அவன் அங்கிருந்து ஓடுகிறான். வெற்றி பெற்ற தரப்பைச் சேர்ந்தவனாகத் தான் ஆகிவிட்டதை அவன் உணரும் இவ்விடமே அவனது குழந்தைப் பருவத்தின் முடிவு எனலாம்.

கரிப்பு மணிகள்

இராசம் கிருட்டிணன் களஆய்வு செய்து எழுதிய இப்புதினம் (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. பொன்னாச்சி என்னும் இளம்பெண்ணும் அவள் தம்பி பச்சையும் உப்பளத்து வேலைக்குச் செல்கின்றனர். கொதிக்கும் வெயிலும் கால்களை அரிக்கும் உப்புநீரும், பெண் தொழிலாளர்மீது கணக்குப்பிள்ளை முதலியோர் செலுத்தும் அதிகாரமும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. இங்கு வளர்தல் என்பது தனிமனித அனுபவமாக மட்டும் நில்லாமல், மற்றத் தொழிலாளருடன் சேர்ந்து நிற்கக் கற்றுக்கொள்வதாகவும் அமைகிறது. இவ்வகையில் இது ஏனைய புதினங்களிலிருந்து வேறுபடுகிறது. இதே ஆசிரியரின் 'கூட்டுக்குஞ்சுகள்' சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் உழைக்கும் சிறுவரைப் பற்றியதாகும்.

என் பெயர் ராமசேஷன்

ஆதவன் எழுதிய இப்புதினம் (1980) நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. வசதியான குடும்பத்து நண்பனான ராவ், அவனுடைய தங்கை மாலா ஆகியோருடன் பழகும்போது ராமசேஷன் தன் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொள்கிறான். அவ்வாறு நடிப்பதைத் தானே கவனித்து எள்ளி நகையாடவும் செய்கிறான். வர்க்க வேறுபாடு வன்முறையாக வெளிப்படாமல், உடை, ஆங்கிலம், இரசனை ஆகியவற்றின் வழியாக நட்பில் நுழைவதை நுட்பமாகக் காட்டிய படைப்பு இது.

வெக்கை

பூமணியின் இரண்டாவது புதினமான வெக்கை (1982), கரிசல் நிலத்தைக் களமாகக் கொண்டது. 15 வயதுச் சிறுவன் சிதம்பரம் தன் அண்ணனின் கொலைக்குக் காரணமான நிலவுடைமையாளர் வடக்கூரானை வெட்டுவதுடன் கதை தொடங்குகிறது. கையை மட்டும் வெட்ட எண்ணியவனின் செயல் கொலையில் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவனும் அவன் தந்தையும் காடுமேடுகளில் மறைந்து திரியும் சில நாட்களே புதினத்தின் காலமாகும்.

பழிவாங்கும் கதையாகத் தோன்றினாலும் இதன் பெரும்பகுதி தந்தையும் மகனும் சமைத்து உண்பது, ஓடையில் குளிப்பது, பழைய கதைகளைப் பேசிக்கொள்வது ஆகியவற்றால் நிறைந்துள்ளது. தந்தையும் தம் இளமையில் இவ்வாறே எதிர்த்து நின்றவர் என்பதைச் சிதம்பரம் அறிகிறான். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் நட்பு உருவாவதே இப்புதினத்தின் வளர்ச்சிக் கோடு ஆகும். சாதிப் பெயர்களை வெளிப்படையாகச் சொல்லாமலேயே சாதி, நிலவுடைமை ஆகியவற்றின் அழுத்தத்தை ஆசிரியர் உணர்த்துகிறார்.

நிழல் முற்றம்

பெருமாள்முருகனின் இப்புதினம் (1993) ஒரு சிறுநகரத் திரையரங்கில் சோடா விற்கும் சத்திவேலையும் அவனைப் போன்ற இளைஞர்களையும் பற்றியது. வீடற்ற அல்லது வீட்டை விட்டு விலகிய இவர்களுக்குத் திரையரங்கே வீடாகிறது. இவர்களின் நட்பு உணவையும் போதையையும் பகிர்ந்துகொள்வதில் உருவாகி, வறுமையாலேயே சிதைகிறது. ஒரே வர்க்கத்துக்குள்ளும் நட்பு நிலைப்பதற்கு ஓரளவு வாழ்க்கை உறுதி தேவை என்பதை இப்புதினம் காட்டுகிறது.

கூளமாதாரி

இப்பொருளில் அதிகம் பேசப்பட்ட தமிழ்ப் புதினம் பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) ஆகும். கொங்கு நாட்டில் அருந்ததியர் சமூகத்தவரைக் குறிக்க வழங்கும் 'மாதாரி' என்ற சொல் நாயகனின் பெயருடன் சேர்ந்து தலைப்பாகியுள்ளது. கூளையன் கவுண்டர் ஒருவரின் பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவன். வவுறி, நெடும்பன், மொண்டி, செவிடி என உடற்குறிப்பாலேயே அழைக்கப்படும் பிற பண்ணைச் சிறுவர் அவனுடைய தோழர்கள். பண்ணையாரின் மகன் செல்வனும் இவர்களுடன் விளையாடுகிறான்.

மேய்ச்சல் காட்டில் கூளையனே திறமையானவன். மரமேறுவதும் நீந்துவதும் ஆடுகளின் இயல்பறிவதும் அவனுக்குக் கைவந்தவை. செல்வன் அவற்றை அவனிடமிருந்து கற்றுக்கொள்கிறான். ஆனால் விளையாட்டில் தோற்கும்போதும் சினம் கொள்ளும்போதும் செல்வன் பண்ணையாரின் மகனாகிவிடுகிறான். தேங்காய் திருடியதற்காகக் கூளையன் கிணற்றுக்குள் தொங்கவிடப்பட்டுத் தண்டிக்கப்படும் பகுதி வாசகர்களால் அதிகம் குறிப்பிடப்படுவதாகும். நண்பர்கள் நீந்தி மகிழும் கிணறே தண்டனைக்குரிய இடமாகவும், இறுதியில் மீளமுடியாத ஒரு நிகழ்வு நடக்கும் இடமாகவும் அமைவது இப்புதினத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. செல்வன் கொடியவனாகப் படைக்கப்படவில்லை. அவன் உண்மையாகவே கூளையனை விரும்புகிறான். விருப்பம் மட்டும் இருவரையும் சமமாக்கப் போதுமானதன்று என்பதே புதினம் எழுப்பும் சிக்கலாகும்.

பெண்களின் வளர்பருவம்

மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆண் சிறுவர்களே நாயகர்கள். பெண்களின் வளர்பருவத்தை எழுதிய படைப்புகளில் பருவமெய்துதல் என்பது வெளியுலகம் சுருங்குவதைக் குறிக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாற்றுப் புதினம் எனப்படுகிறது. ஊர்த் தெருவில் கண்ட தீண்டாமையும், கிறித்தவப் பள்ளி விடுதியிலும் கன்னியர் மடத்திலும் தொடர்ந்த பாகுபாடும் பேச்சுமொழியில் இதில் பதிவாகியுள்ளன. கல்வி ஒரு வழியைத் திறந்தாலும், அவ்வழியின் முடிவிலும் அதே வேறுபாடு காத்திருப்பதை இந்நூல் சொல்கிறது.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) தமிழ் இசுலாமியச் சிற்றூர் ஒன்றின் பெண்களைப் பற்றியது. பல பாத்திரங்களைக் கொண்ட இப்புதினத்தில் ராபியா என்னும் சிறுமியின் பார்வை முதன்மை பெறுகிறது. தோழி மதீனா உள்ளிட்டோருடன் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் சென்றுவரும் ராபியா, எவையெல்லாம் இனித் தனக்கு மறுக்கப்படும் என்பதை ஒவ்வொன்றாக அறிகிறாள். வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் வீட்டு வேலை செய்யும் பாத்திமாவுக்கும் விதிக்கப்படும் ஒழுக்க விதிகள் ஒன்றே. ஆனால் அவற்றை மீறுவோர் அடையும் விளைவுகள் வேறு என்பதையும் இப்புதினம் உணர்த்துகிறது.

நில மாற்றமும் தொழிற்பகுதிகளும்

வேளாண் நிலம் குடியிருப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறும்போது இளையோரின் உறவுகளும் மாறுகின்றன. பெருமாள்முருகனின் முதற் புதினமான 'ஏறுவெயில்' (1991) இதை மையமாகக் கொண்டது. குடியிருப்புத் திட்டத்துக்காக நிலத்தை இழந்த உழவர் குடும்பம் ஒன்று வேறிடத்துக்குக் குடிபெயர்கிறது. கைக்கு வந்த பணமும் கைவிட்டுப்போன நிலமும் குடும்பத்தினரின் உறவைச் சிதைப்பதை அவ்வீட்டுச் சிறுவன் பார்த்தவாறே வளர்கிறான்.

இப்புதினம் கொங்கு வட்டாரத்தைச் சேர்ந்ததாயினும் பிற மாவட்டங்களின் மாணவர்களுக்கும் அயலானதன்று. திருவள்ளூர் மாவட்டம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். 1971 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட்டின் தொழில் வளாகங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. நிலம் விற்ற உள்ளூர்க் குடும்பங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர், ஈழத்தமிழர் முகாமில் வாழ்வோர் ஆகியோர் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றனர். இவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பயிலக்கூடும். படிப்பு முடிந்தபின் ஒருவர் ஒப்பந்தக்காரராகவும் மற்றவர் அவரிடம் நாட்கூலியாகவும் மாறக்கூடும். கூளையனுக்கும் செல்வனுக்கும் இடையிலான உறவு புதிய வடிவில் தொடர்வதற்கான சூழல் இது எனலாம்.

இம்மாவட்டத்தின் பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரத்தைக் களமாகக் கொண்ட புதினங்களுள் தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' (2009) குறிப்பிடத்தக்கது. எனினும் அது ஒரு நூற்றாண்டின் அரசியல், திரைப்பட வரலாற்றைப் பல தலைமுறைகளின் வழியாகச் சொல்வதேயன்றி வளரிளம் பருவப் புதினம் அன்று. ஈழப்போரின் பின்னணியில் ஓர் இளைஞன் இயக்கத்தில் சேர்ந்து விலகுவதைச் சொல்லும் சோபாசக்தியின் 'கொரில்லா' (2001) புலம்பெயர் தமிழிலக்கியத்தில் இவ்வகைக்கு நெருக்கமானது.

சட்டமும் சமூகப் பின்னணியும்

இப்புதினங்களில் வரும் சிறுவர் உழைப்பு சட்டத்தால் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 இலும், குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986 இலும் இயற்றப்பட்டன. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோர்க்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளுடன், 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதும் தடை செய்யப்பட்டது.

இதன் விளைவாக, முன்பு மேய்ச்சல் காட்டில் சந்தித்த சிறுவர்கள் இன்று வகுப்பறையில் சந்திக்கின்றனர். ஆனால் பள்ளிக்குள் நுழைவதால் மட்டும் வேறுபாடு மறைந்துவிடுவதில்லை. 2023 ஆகத்து மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்பயின்ற மாணவர்களால் வீடுபுகுந்து வெட்டப்பட்டனர். இதையடுத்துத் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 சூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடை செய்தல் உள்ளிட்ட பரிந்துரைகளைச் செய்தது. வகுப்புத் தோழர்களே தாக்கியவர்களாக இருந்தமையால், இப்புதினங்கள் எழுப்பும் கேள்வி இலக்கியத்தோடு முடிந்துவிடவில்லை என்பது தெளிவாகிறது.

திரைப்படங்கள்

வெக்கை புதினத்தைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' 2019 ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது. தந்தையாக நடித்த தனுசு சிறந்த நடிகருக்கான தேசிய விருதை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். புதினத்தில் மையமாக இருந்த சிறுவனின் இடத்தைத் திரைப்படத்தில் தந்தை பெறுகிறார். தந்தையின் இளமைக்காலம் விரிவாக்கப்பட்டதால் கதை வளரிளம் பருவக் கதையிலிருந்து பெரியவரின் வீரக் கதையாக மாறியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பயில்வது, மையப் பாத்திரத்தின் வயது மாறினால் கதையின் பொருளும் மாறும் என்பதை மாணவர்கள் அறிய உதவும்.

ஆங்கில மொழிபெயர்ப்புகள்

* பதினெட்டாவது அட்சக்கோடு - கோமதி நாராயணன் (1993)
* கருக்கு - லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் (2000)
* கூளமாதாரி - வ. கீதா (2004). இம்மொழிபெயர்ப்பு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.
* நிழல் முற்றம் - வ. கீதா (2004)
* இரண்டாம் ஜாமங்களின் கதை - லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் (2009)
* வெக்கை - ந. கல்யாண் ராமன் (2019)
* ஏறுவெயில் - ஜனனி கண்ணன் (2020)

வகைப்பாட்டுச் சிக்கல்கள்

இப்புதினங்களை ஒரே வகையில் அடக்குவதில் சில சிக்கல்கள் உள்ளன. முதலாவதாக, இவை வளரிளம் பருவத்தினரைப் பற்றியவை; ஆனால் அவர்களுக்காகவே எழுதப்பட்டவை அல்ல. வன்முறை, போதை, பாலியல் ஆகியவை வெளிப்படையாக இடம்பெறுவதால் எல்லா வயதினர்க்கும் இவை ஏற்றவை எனக் கூற இயலாது. இரண்டாவதாக, தமிழ்ச் சூழலில் வர்க்கமும் சாதியும் முற்றிலும் ஒன்றல்ல. ராமசேஷனுக்கும் ராவுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பணத்தால் ஓரளவு கடந்துவிடலாம். கூளையனுக்கும் செல்வனுக்கும் இடையிலுள்ள தொலைவு அத்தகையதன்று. மூன்றாவதாக, மேற்கத்திய வரையறை எதிர்பார்க்கும் 'முதிர்ச்சி' இங்கு நிறைவேறாமலே போகிறது. அதனைக் குறைபாடாகக் கொள்ளாமல், முதிர்ச்சியடைந்தபின் சேர்வதற்குச் சமூகம் அனைவருக்கும் இடம் அளிக்கவில்லை என்னும் கூற்றாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* தமிழ்ப் புதினம்
* வட்டார இலக்கியம்
* தலித் இலக்கியம்
* குழந்தைத் தொழிலாளர்
* தமிழ்ச் சிறுவர் இலக்கியம்